இல்லாத சுவருக்குத் திறப்பு விழா

எங்கள் பிரதேச சபைத் தலைவர் தம் காலத்தில் எத்தனையோ ரிப்பன் வெட்டியிருப்பார். ஆனால் கட்டாத சுவரைத் திறந்துவைக்க, இஸ்திரி போட்ட வெள்ளை உடுப்போடு, படம் பிடிக்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு அவர் வந்து நின்றது எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான். வரவழைத்தவர்கள் நாங்கள், தேயிலைக் கொழுந்து பறிக்கிற பொம்பளைகள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் பெருமை தாங்காது. தாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். இரத்தினபுரி மாவட்டத்தில், மேலே தேயிலையும் கீழே இறப்பருமாக இருந்தது எங்கள் தோட்டம். பள்ளிக்கூடம் தகரக் கூரை போட்ட ஒரே நீளக் கட்டடம். அதன் பின்பக்கத்தை ஒட்டி, மலையை வெட்டிவிட்ட செம்மண் சரிவு கூரைக்கும் மேலே நின்றது. என் மகள் இரண்டாம் வகுப்பு. உயரமான பிள்ளை என்று கடைசி வாங்கில், பின்சுவரை ஒட்டிய பெஞ்சில், உட்காரவைத்திருந்தார்கள். அவள் முதுகுக்கும் அந்தச் சரிவுக்கும் நடுவில் இருந்தது வெடித்துப்போன ஒரு வகுப்பறைச் சுவர் மட்டும்.

அதற்கு முந்திய பெருமழை ஒன்றில் மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்து ஆட்களை மூடியிருந்தது. அந்தப் பயத்தில் எங்கள் பெரிய வாத்தியார் ஒரு பழக்கம் வைத்திருந்தார். மழை பலமாகப் பிடித்தால், "பையை மாட்டுங்க" என்பார். பிள்ளைகள் புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டுதான் எழுதுவார்கள். மண் சத்தம் கேட்டால் அப்படியே ஓட வேண்டும். என் மகளோ வீட்டிலும் மழை என்றால் பையை மாட்டிக்கொண்டாள். பையோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள். கழற்றச் சொன்னால் முறைப்பாள்.

நாங்கள் என்ன செய்தோம்? தோட்டத்து ஆட்கள் என்றைக்கும் செய்வதைத்தான் செய்தோம். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய் நின்றோம். நாங்கள் குடியிருக்கிற லயத்துக் கூரை ஒழுகினாலும் துரை, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து லொறி வேண்டுமென்றாலும் துரை. எங்களுக்கு உலகத்தில் வேறு வாசலே தெரியாது. பள்ளிக்கூடம் எப்போதோ அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும் கால் தோட்டத்து ஆபீசுக்கே போனது. வருடக்கணக்காக அங்கே நின்று, "பார்ப்போம்" என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பினோம். இப்படி ஒரு மடத்தனம் எங்களை விட்டால் யாருக்கு வரும்!

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்தார். பிள்ளைகளுக்காக வேலை செய்கிற ஓர் அமைப்பைச் சேர்ந்தவர். வேலை நாளில் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை உட்காரவைத்து, அரசாங்கம் போடுகிற வரவு செலவுத் திட்டத்தில் பிள்ளைகளுக்கு என்ன ஒதுக்கியிருக்கிறது, மாறிவருகிற மழைக்கும் வெயிலுக்கும் என்ன ஒதுக்கியிருக்கிறது, அது ஊர் வந்து சேர்ந்ததா என்று நாமே பின்னால் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். காலநிலை மாற்றம் என்ற சொல்லையே அன்றைக்குத்தான் கேட்டோம். கிழமைக்கணக்கில் தூறிய மழை இப்போது ஒரே பின்னேரத்தில் கொட்டித் தீர்க்கிறதே, அதற்கு இப்படி ஒரு பெயரா என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டோம்.

என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். "எங்க வீட்டு வரவு செலவையே என் புருஷன் காட்ட மாட்டேங்கிறாரு மிஸ். அரசாங்கம் காட்டுமா?" என்றாள். காம்பராவே சிரித்தது.

மிஸ்ஸும் சிரித்தார். "காட்டித்தான் ஆகணும் அக்கா. அது உங்க காசு. நீங்க வாங்குற சவுக்காரம், சீனி எல்லாத்துலயும் வரி போகுது."

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. பிறந்தது முதல் சவுக்காரம் போட்டுத் துவைத்துக்கொண்டு இருக்கிறேன். அப்படியென்றால் நான் யாரிடமும் பிச்சை கேட்கவில்லை! துரை ஆபீஸ் வாசலில் கையைக் கட்டி நின்ற வருடங்களை நினைத்து எனக்கே என் மேல் கோபம் வந்தது.

நான் பஜாரில் சித்தப்பாவின் கடையில் வளர்ந்தவள். சிங்களம் பேசவும் வரும், வாசிக்கவும் வரும். அதனால் சபைக்குப் போய்க் கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது. அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம், போனாலும் போகட்டும் என்று நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு போனேன். சபையில் எடுத்துக் கொடுத்த அந்த வருடத்துத் திட்டத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பின்சரிவுக்கு ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. இருந்தது! வேலை சபையின் பொறுப்பு என்றும் போட்டிருந்தது. நான் வாசித்துக் காட்டியதும் நாத்தனார் அங்கேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

மாதம் திரும்புவதற்குள் ஒரு லொறி வந்தது. இரண்டு ஆட்கள் இறங்கி, சரிவுக்கு முன்னால் பெரிய பலகை ஒன்றை நட்டார்கள். வேலையின் பெயர், தொகை, மேலே தலைவரின் சிரித்த முகம். லொறி போனது. போனது போனதுதான்.

அதற்குப் பிறகு எங்களைப் பந்தாடினார்கள். சபையில் கேட்டால், "தோட்டம் கம்பெனியோட நிலம். அங்க சபைக் காசைப் போட முடியாது" என்றார்கள். துரையைக் கேட்டால், "பள்ளிக்கூடம் அரசாங்கத்தோடது. நான் கை வைக்க முடியாது" என்றார். இன்னொரு அரசாங்கக் கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்த ஐயா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பலகை வச்சாச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்டார். ஏதோ பலகையே மண்ணைத் தாங்கிப் பிடிக்கும் என்கிற மாதிரி! வருடம் முடிந்தால் செலவழியாத காசு திரும்பிப் போய்விடும் என்று மிஸ் வேறு சொல்லியிருந்தார். ஐப்பசி மழை நெருங்கிக்கொண்டு இருந்தது. என் மகள் பையோடுதான் தூங்கப் போனாள்.

யோசனை நாத்தனாருடையது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே சொன்னாள்: "மதினி, அந்தத் தலைவரு கேட்டதுக்கு வர மாட்டாரு. ரிப்பன் வெட்டணும்னா ஓடி வருவாரு. விழா வெச்சிருவோம்."

"எதுக்குடி விழா?"

"சுவத்துக்குத்தான்."

நான் சிரித்த சிரிப்பில் கங்காணி கீழேயிருந்து அதட்டினார். ஆனால் ராத்திரிக்குள் முடிவாகிவிட்டது. வெற்றிலைக் கட்டோடு தலைவர் வீட்டுக்கே போனோம். சிங்கள ஆட்களானாலும் நாங்களானாலும் வெற்றிலை கொடுத்து அழைத்தால் மறுக்க முடியாது. "மாத்தயா, எங்க ஸ்கூல் தடுப்புச் சுவர் விஷயமா ஒரு விழா வெக்கிறோம். நீங்கதான் வந்து ரிப்பன் வெட்டணும்" என்று நல்ல சிங்களத்தில் சொன்னேன். கட்டி முடிந்ததென்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தேர்தல் வேறு பக்கத்தில் வந்திருந்தது. வெற்றிலையை வாங்கி, "ஹொந்தாய் நங்கி, நல்லது தங்கச்சி, கட்டாயம் வர்றேன்" என்றார். வெளியே வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

பெரிய வாத்தியார்தான் நடுங்கிப்போனார். "என்னைய மாத்திருவாங்கம்மா" என்றார். "நீங்க ஒண்ணும் பேச வேணாம் சார். புள்ளைகளை வரிசையா நிக்க மட்டும் வைங்க" என்றேன். மனுஷன் நிற்கவைத்தார். அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

விழா நாளில் பலகையைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டினோம். சரிவுக்கு முன்னால் இரண்டு கம்பு நட்டு, சிவப்பு ரிப்பன் இழுத்தோம். தப்பு மேளம் அடித்து, பிள்ளைகள் கை தட்ட, தலைவரை அழைத்து வந்தோம். கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். அவர் ரிப்பனுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். செம்மண். இந்தப் பக்கம் பார்த்தார். நாங்கள்.

"தாப்பே கோ?" சுவர் எங்கே என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை பாடு! "அதைத்தான் மாத்தயா நாங்களும் தேடுறோம். எங்க கண்ணுக்குத் தெரியல. நீங்க பெரியவங்க, உங்க கண்ணுக்காவது தெரியுமான்னுதான் கூப்பிட்டோம்" என்றேன்.

படம் பிடிக்கிற ஆளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, சரியாக அந்த நேரத்தில் ஒரு படம் எடுத்தான். தலைவர் கோபத்தில் கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார். நல்ல வேளை, மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் வகுப்பறைக்குள் ஓடினோம். தலைவர் வேறு இடமில்லாமல் கடைசி வாங்கில் உட்காரப் போனார். என் மகள் ஏற்கெனவே பையை மாட்டியிருந்தாள். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, நான் பழக்கிய சிங்களத்திலேயே சொன்னாள்: "மாமா, அங்க ஒக்காராதீங்க. அது மண்ணு விழுற எடம். நான் ஒக்கார்ற எடம்."

தலைவர் அவளைப் பார்த்தார். முதுகில் பை மாட்டியபடி நின்ற மற்றப் பிள்ளைகளையும் பார்த்தார். "ஏன் எல்லாரும் பையோட நிக்கிறாங்க?" என்று வாத்தியாரைக் கேட்டார். ஒன்றும் பேச வேண்டாம் என்று நான் சொன்ன அந்த மனுஷன் முன்னால் வந்து, எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் மழை விடும் வரை அந்த வாங்கிலேயே உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மறுவாரமே அளக்கிறவர்கள் வந்தார்கள். எல்லைக்கல் தேயிலைச் செடிக்கடியில் கிடந்தது. சரிவும் பள்ளிக்கூடத்து நிலமும் அரசாங்கத்துடையதுதான் என்று ஆனது. கருங்கல் வந்தது, கம்பி வலை வந்தது, தண்ணீர் வடியக் கான் வெட்டினார்கள். வேலை விட்டு வந்து நாங்களும் கல் சுமந்தோம். நாங்கள் கட்டிய ரிப்பனை அவிழ்க்கவே இல்லை. நிறம் வெளுத்துப்போன அதே ரிப்பனைத்தான் தலைவர் திரும்பி வந்து வெட்டினார். "இந்தத் தடவையாவது சுவர் இருக்கா நங்கி?" என்றார். "தட்டிப் பாருங்க மாத்தயா" என்றேன். உண்மையாகவே தட்டிப் பார்த்தார். ஊரே விசிலடித்தது.

சுவர் வந்துவிட்டது. ஆனால் என் மகளின் முதுகிலிருந்து பை இறங்கவில்லை. தூறல் விழுந்தாலும் தேடி எடுத்து மாட்டுவாள். சுவரைக் காட்டினால், "ம்" என்பாள், அவ்வளவுதான்.

பிறகு அந்த மழை வந்தது. காலையில் மலையில் நின்றோம். எதிர் ஆள் முகம் தெரியாத மழை. திடீரென்று பள்ளிக்கூடத்துப் பக்கம் மரம் முறிகிற சத்தமும், அதைத் தொடர்ந்து ஒரு பெரிய உறுமலும் கேட்டது. கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினேன். "கடவுளே, கடவுளே" என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வரவில்லை. பின்னால் நாத்தனார் அழுதுகொண்டே வந்தாள்.

சரிவு இறங்கித்தான் இருந்தது. சுவரின் விளிம்பு வரைக்கும் செம்மண்ணும் வேரோடு சாய்ந்த மரமும் குவிந்து கிடந்தன. சுவர் அசையவில்லை. கானில் சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டு இருந்தது.

நான் சேறும் காலில் ஏறிய அட்டையுமாக வகுப்பு வாசலில் போய் நின்றேன். பிள்ளைகள் எழுந்து நின்று கசமுசாவென்று பேசிக்கொண்டு இருந்தார்கள். கடைசி வாங்கில் என் மகள் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டு இருந்தாள். முதுகில் ஒன்றும் இல்லை.

"பை எங்கடி?" என்று கத்தினேன். எனக்கு வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை.

தலையைத் தூக்காமலே சுவரைக் காட்டினாள். "அந்தா ஆணியில மாட்டியிருக்கு. ஏம்மா கத்துற? மழைதானே பெய்யுது."