டைல் இடுக்கில் ஒரு சிவப்புக் கோடு

எங்கள் வீட்டு முன்கூடத்தில், வாசற்படியிலிருந்து மூன்றாம் வரிசையில், இரண்டு டைல்களுக்கு இடைப்பட்ட இடுக்கில் ஒரு கோடு இருக்கிறது. நீளம் ஒரு சாண். அகலம் ஒரு தீக்குச்சிக்கும் குறைவு. முதலில் செங்கல் நிறத்தில் இருந்தது, இப்போது வெளுத்துக் காவியாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. கவனிக்கும் உறவினர் சிலர், என் மனைவியின் தம்பி நினைவாக நாங்கள் அதை விட்டுவைத்திருக்கிறோம் என்று தாங்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. அது போகவில்லை, அவ்வளவுதான்.

மச்சான் பெயிண்டர். பதினெட்டு ஆண்டுகள் பெங்களூரில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு வண்ணம் அடித்தவன். அதனால் அவன் பேச்சில் நாலு வார்த்தைக்கு ஒரு கன்னட வார்த்தை வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த வீட்டில் வேலை முடித்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்து, ஜன்னல் வெளிச்சம் வரும் பக்கமாகப் பார்ப்பான். ஒரு சொட்டு மேடு தட்டுப்பட்டாலும் பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் எழுவான். "செவுத்த எல்லாரும் தள்ளி நின்னு பாப்பாங்க மாமா. தரையிலதான் குடும்பம் பண்ணுவாங்க" என்று ஒருமுறை சொன்னான்.

நான் தாலுகா நிருபராக இருபத்தாறு ஆண்டுகள் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, கம்பைநல்லூரில் கடைசியாகக் கட்டிய வீடு இது. அந்தச் சந்தன நிற டைலைத் தேர்ந்தெடுக்க என் மனைவி மூன்று முறை தர்மபுரி போய் வந்தாள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுவதாக இருந்தது. திங்கட்கிழமை காலை, அவள் அழைப்பிதழ்களோடு பாப்பாரப்பட்டிப் பக்கம் போயிருந்தாள். வேலையில் மிச்சமிருந்தது ஜன்னல்களுக்கு மேலே உள்ள இரும்புக் கம்பிகளுக்குச் சிவப்பு பிரைமர் அடிப்பது மட்டும். எங்கள் வீட்டுக்கென்றே லீவு போட்டு வந்திருந்த மச்சான் அதைத் தானே செய்வதாகச் சொன்னான். தரையில் சாக்கு விரிக்கப் போனான். சாக்கில் மண் இருக்கும், டைலில் கீறல் விழும் என்று நான் தடுத்து, விற்காமல் திரும்பிய எங்கள் பத்திரிகைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். "பேப்பரு வழுக்குமே மாமா" என்றான். பிறகு, "சரி, உங்க பேப்பர நானாச்சும் முழுசா விரிக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே விரித்து, அதன்மேல் இரும்பு ஏணியை நிறுத்தினான்.

நான் பக்கத்து அறையில் அழைப்பிதழ்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் ஏணியின் சத்தம் வந்தது. அதையடுத்து இன்னொரு சத்தம், தாழ்வாக, இளநீர்க் காய் ஒன்று தரையில் விழுந்ததுபோல. மூன்றாவதாக வாளி உருண்டது. ஓடிவந்தபோது அவன் ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தான். ஏணியின் காலோடு பத்திரிகை சுவர்வரை சறுக்கிப் போயிருந்தது. அது விலகிய இடமெல்லாம் பிரைமர் ஓடிக்கொண்டிருந்தது. "டைல்!" என்றேன். நான் சொன்ன முதல் சொல் அதுதான்.

"எனக்கு ஒன்னும் ஆவல மாமா. தின்னர எடுங்க, காய்ஞ்சா போவாது" என்றான்.

அடுத்த இரண்டரை மணி நேரம் அவன் செய்ததை இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். முதலில் காலண்டர் அட்டையைக் கிழித்துச் சுற்றிலும் அணைபோல வைத்து வாளிக்குள் வழித்தான். தச்சர்கள் விட்டுப்போயிருந்த மரத்தூளைத் தூவி, அது உறிஞ்சும்வரை காத்திருந்து கூட்டி அள்ளினான். பிறகு என் பழைய வேட்டியைக் கையகலத் துண்டுகளாகக் கிழிக்கச் சொன்னான். தின்னரில் நனைத்த துணியால் ஒரு முறைதான் இழுக்க வேண்டும், அடுத்த இழுப்புக்கு வேறு துணி. நான் நடுவிலிருந்து தேய்க்கத் தொடங்கியதும் கையைப் பிடித்தான். "ஓரத்துலருந்து உள்ள வாங்க மாமா. பத்திரிகைக்காரருக்குப் பரப்பத்தான் தெரியும்." இருவரும் சிரித்தோம். கடைசியாக வெந்நீரும் சோப்புத்தூளும். அதற்குப் பின் வழக்கம்போல் கன்னத்தைத் தரையில் வைத்தான். அந்த முறை எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

இதற்கிடையில் அவன் இடக் காதுக்குப் பின்னால் பலமுறை தேய்த்துக்கொண்டான். "அக்கா எப்ப வரும்?" என்று கேட்டான். மூன்று மணிக்கு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். மூன்றாம் முறையும் கேட்டான். மூன்று முறையும் அதே பதிலைச் சொன்னேன். விழுந்தவர் எழுந்து, முகம் கழுவி, டீ குடித்து, பொழுது சாய்வதற்குள் இறந்துபோன செய்திகளை என் வேலையில் பலமுறை எழுதியிருக்கிறேன். 'நல்லாத்தான் பேசிட்டிருந்தாருங்க' என்று உறவினர்கள் பிணவறை வாசலில் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டவன் நான். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்த நேரத்தில் தரை சுத்தமாகிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடுக்கில் மட்டும் ஒரு கோடு நின்றது. சிமெண்ட் குடித்துவிட்டது என்றான். "இத மட்டும் நாளைக்கு எடுத்துடறேன் மாமா. ஸ்வல்ப ஊறட்டும், கொஞ்ச நேரம். அதுக்கு ஒரு வழி இருக்குது."

மனைவி மூன்று மணிக்கு வந்தாள். வாசலிலேயே நின்று கூடத்தைப் பார்த்துவிட்டு, "தரைய எப்பிடிடா இப்பிடிப் பளிச்சுன்னு வெச்சிருக்கற?" என்றாள். அவன் சுவரில் சாய்ந்தபடி சிரித்தான். அது சரியாக விரியாத சிரிப்பு. வாயின் ஒரு பக்கம் அசையவில்லை. கால் மணி நேரத்தில் வாந்தி எடுத்தான். ஆட்டோவில் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பேச்சு நின்றுவிட்டது. எப்போது விழுந்தார் என்று மருத்துவர் கேட்டார். பத்து மணிக்கு என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நடைபாதையில் மனைவி கேட்டாள்: "வுழுந்தப்ப தலையில அடிபட்டுச்சாங்க?"

"பாக்கல" என்றேன். உண்மைதான், பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டேன். பார்த்ததற்கும் கேட்டதற்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துப் பிழைத்தவன் நான். அன்று அதை அவளிடமும் பயன்படுத்தினேன்.

அவன் பதினோரு மாதம் இருந்தான். கண் திறந்திருக்கும், யாரையும் தெரியாது. வலது கை மட்டும் படுக்கை விரிப்பின்மேல் நகர்ந்துகொண்டே இருக்கும், வெளியிலிருந்து உள்ளே, வெளியிலிருந்து உள்ளே. அது தானாக வரும் அசைவு, அர்த்தம் எதுவும் இல்லை என்றார் மருத்துவர். நான் அதை மறுக்கவில்லை. என் மனைவி அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து நிறுத்துவாள். விட்டதும் மறுபடி தொடங்கும். அவன் போன பிறகு, யாரையும் அழைக்காமல் ஒரு காலையில் பால் காய்ச்சிக் குடியேறினோம்.

அந்தக் கோட்டை எடுக்க அவள் எல்லாம் செய்து பார்த்துவிட்டாள். தின்னர் ஊற்றினாள். ஆசிட் விட்டதில் அந்த இடத்து டைலின் பளபளப்புதான் போயிற்று. மகள் ஓசூரிலிருந்து இதற்கென்றே விற்கும் ஒரு குப்பியை வாங்கி வந்து, "ஒரே நிமிஷம்மா" என்றாள். ஒரு நிமிடத்தில் அது ஈரமானது, காய்ந்ததும் பழையபடி தெரிந்தது. போன வாரம் மனைவி கோணி ஊசியை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு ஓரத்திலிருந்து குத்தி எடுக்கத் தொடங்கினாள். கொஞ்சம் சிமெண்ட்டுத் தூள் வந்தது. அதுவும் சிவப்பாகத்தான் இருந்தது.

"ஒரு வழி இருக்குதுன்னு சொன்னான்னீங்களே" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "அது என்னா வழின்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்றேன். இந்த முறை சொன்னது முழு உண்மை.