மூஸைப் பார்த்த ஆர்வோ

எங்கள் ஊரில் யாராவது வாய்க்கு வந்தபடி அளந்தால், "சரி சரி, ஆர்வோ மூஸைப் பார்த்த கதைதான்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். பாவம், ஆர்வோ ஹாகலா ஒன்றும் புளுகுமூட்டை இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து வடகோடியில், சுப்பீரியர் ஏரி அள்ளிக் கொட்டுகிற பனியைச் சாலையிலிருந்து தள்ளும் லாரியை ஓட்டியே தலை நரைத்த மனுஷர். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மூஸ் என்கிற ராட்சத மானைப் பார்த்தார். பார்த்ததோடு சும்மா இருந்திருக்கலாம். வந்து சொல்லித் தொலைத்தார்.

அது ஆயிற்று இருபது வருஷத்துக்கு மேல். நவம்பர் மாதத்து முதல் பனி, விடிந்தும் விடியாத நேரம், சதுப்புக் காட்டை ஒட்டிய சாலை. குதிரையை விட உயரமாக, முறம் மாதிரி விரிந்த கொம்புகளோடு, அது லாரியின் விளக்கை ஒரு முறை முறைத்துவிட்டுக் காட்டுக்குள் போயிற்று. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எங்கு திரும்பினாலும் மான்தான். மூஸ் என்பது படத்தில் பார்ப்பதோடு சரி. ஆர்வோ நேராக மர்லீனின் பீர்க்கடைக்குப் போய், மூச்சு வாங்க, விஷயத்தைச் சொன்னார்.

அங்கே உட்கார்ந்திருந்தார் அவருடைய மனைவி சில்வியின் அண்ணன் ஒன்னி. சும்மா விடுவாரா?

"மாப்ள, நல்லாப் பாத்தியா? எங்கம்மாவா இருக்கப் போகுது. பழுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு சர்ச்சுக்குப் போயிருப்பா!"

கடையே குலுங்கிச் சிரித்தது. ஒன்னியின் அம்மா நல்ல வாட்டசாட்டமான அம்மாள்தான், அதை மறுப்பதற்கில்லை. அன்றைக்குச் செத்தது ஆர்வோவின் மரியாதை. பிறந்தநாளுக்கு மூஸ் படம் போட்ட காலுறை வந்தது, கிறிஸ்துமஸுக்கு மூஸ் படம் போட்ட கோப்பை வந்தது. "கார் சாவி மேசை மேல இருந்துச்சே, என் கண்ணால பாத்தேன்" என்று வீட்டில் சொன்னால், "மூஸைப் பாத்த கண்ணு தானே?" என்பாள் சில்வி. இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஒரு தடவை மர்லீன் கடைப் புகைக்கூண்டில் நெருப்பு பிடித்திருப்பதை முதலில் பார்த்து உள்ளே ஓடிவந்து கத்தினார். "நெருப்புக்குக் கொம்பு இருந்துச்சா?" என்று கேட்டார்களே தவிர ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கூரையில் பாதி போன பிறகுதான் எழுந்தார்கள். அந்த நாள் ராத்திரி ஆர்வோவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. ஊரில் தன் பேச்சு செல்லாக்காசு என்று தெரிந்துகொண்டு வாழ்வது லேசான காரியமா?

இப்படி இருக்கும்போதுதான் ஓநாய்கள் திரும்பி வந்தன. முதலில் பனியில் காலடி, அப்புறம் ஊளை, அப்புறம் சதுப்புக் காட்டில் ஒரு குடும்பமே குடித்தனம். தோட்டத்துக்கே வந்து முட்டைக்கோஸ் தின்றுகொண்டிருந்த மான்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. இருந்த கொஞ்சமும் நின்று மேயப் பயந்து ஒளிந்து திரிந்தன. நவம்பர் பதினைந்து மான் வேட்டை தொடங்கும் நாள். எங்களுக்கு அதற்கு மேல் திருநாள் கிடையாது, பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. ஆகவே ஊர் கொதித்தது. ஓநாய் எதிர்ப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கி ஆர்வோவைத் தலைவராக்கினார்கள். மரியாதைக்காக இல்லை. அவருக்கு இரண்டு தகுதிகள் இருந்தன: குரல் பெரிது, ஓநாய் மாதிரியே ஊளையிட வரும். கூட்டத்தைத் தொடங்கி வைக்கும்போது ஒரு ஊளை விடுவார். கேட்டால் நாய்கள் கட்டிலுக்கடியில் போய்விடும்.

சங்கக் கூட்டத்துக்கு ஒரு தடவை வனத்துறையிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். ஆர்வோ அவளை ஒரு பிடி பிடித்தார். எல்லாம் கேட்டுவிட்டு அவள் சாவகாசமாகச் சொன்னாள்: "மானோட தலைக்குள்ள ஒரு புழு இருக்குங்க. மானுக்கு அதனால ஒண்ணுமில்ல. ஆனா மூஸுக்குப் போச்சுன்னா மூஸ் பிழைக்காது. மான் குறைஞ்ச இடத்துல மூஸ் திரும்பி வந்தாலும் வரலாம்."

ஒன்னி பின்வரிசையிலிருந்து, "மாப்ள, கேட்டியா? உன் சிநேகிதன் வராப்லயாம்!" என்றார். சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

ஆர்வோ மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவருடைய முழக்கத்தில் சுருதி இறங்கிவிட்டது. தலைவர் என்ற முறையில் ஓநாய் ஒழிக என்று கத்துவார். கத்தி முடித்ததும் மனசுக்குள், நல்லா இருங்கடா பசங்களா, நாலு மானைக் கூடப் பிடிங்க என்று வாழ்த்துவார். சில்வி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அடுத்த வேட்டை நாள் வந்தது. எங்கள் வழக்கப்படி ஆர்வோ காட்டில் ஒரு ப்ளைவுட் பெட்டி செய்து வைத்திருந்தார். ஒரு கதவு, ஒரு சின்னத் துவாரம், உள்ளே ஒரு நாற்காலி. முன்னால் மானுக்கு ஒரு மூட்டை காரட்டைக் கொட்டிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து, இறைச்சி அடைத்த பாஸ்டியைத் தின்று, பிளாஸ்க் காப்பி முழுவதையும் குடித்தார். அந்தக் காப்பிதான் வினை. மான் வரவில்லை. இனி பொறுக்க முடியாது, வெளியே போயே தீரவேண்டும் என்று அவர் எழுந்த நேரத்தில் துவாரத்தில் வெளிச்சம் மறைந்தது.

மூஸ்.

சாட்சாத் மூஸ். முறம் மாதிரி கொம்பு, தொங்கும் தாடி, எல்லாம் அச்சாக அதே. காரட்டை மொறுமொறுவென்று மென்றது. பாதியைத் தின்றுவிட்டுச் சாவகாசமாக வந்து, பெட்டியின் கதவை அடைத்துப் படுத்துக்கொண்டது. ஆர்வோவுக்கு அழுகை வந்தது. சந்தோஷம் ஒரு பக்கம், காப்பி ஒரு பக்கம். செல்போனில் படம் எடுத்தார். துவாரத்தின் வழியே பழுப்பு மயிர் மட்டுமே விழுந்தது. எங்கள் மாகாணத்தில் மூஸைச் சுடக்கூடாது. சுடச் சொன்னாலும் சுட்டிருக்க மாட்டார்.

அவருக்கு ஒரு சாட்சி வேண்டும். வாக்கி டாக்கியை எடுத்து, பக்கத்துக் காட்டில் தன் பெட்டியில் இருந்த ஒன்னியைக் குசுகுசுவென்று கூப்பிட்டார்.

"மச்சான், உடனே கிளம்பி வா. மூஸ்."

"பிராந்தி எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"சத்தியமா மச்சான். கதவை அடைச்சுக்கிட்டுப் படுத்திருக்கு."

"எழுப்பிக் கேளு, எங்கம்மாவான்னு!" வாக்கி டாக்கி கரகரவென்று சிரித்து அணைந்துபோயிற்று.

ஆர்வோவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூஸ் என்றால் வரமாட்டான். ஓநாய் என்றால் விழுந்தடித்து வருவான். சரி, வாடா மகனே! மூச்சை இழுத்தார். துவாரத்தில் வாயை வைத்துத் தன் ஆயுசிலேயே இல்லாத ஊளை ஒன்றை விட்டார். ஒன்னிக்குக் காது இருப்பது ஞாபகம் இருந்தது. மூஸுக்கும் காது உண்டு என்பது மறந்துவிட்டது.

நல்ல திடமான மூஸ் ஓநாய்க்கு ஓடாது. நின்று உதைக்கும். இது எழுந்தது, காதைப் பின்னால் மடித்தது, பிடரி மயிரைச் சிலிர்த்தது, பெட்டிக்குள் ஓநாய் இருக்கிறது என்று முடிவு கட்டி முன்னங்காலால் ஒரு உதை விட்டது. பெட்டி குப்புற விழுந்தது. ஆர்வோவுக்குக் காப்பிப் பிரச்சினை அந்த நிமிஷமே தீர்ந்துபோயிற்று.

"எங்கடா ஓநாய்?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்த ஒன்னி எதிரே பார்த்தது ஓநாயை அல்ல. அறுபத்தைந்து வயது மனுஷர் அணில்கூட வெட்கப்படும் வேகத்தில் மரமேறினார். ஒரு பூட்ஸ் கீழே விழுந்தது. மூஸ் அதை முகர்ந்து பார்த்துத் தும்மியது.

பலகைக்கடியிலிருந்து குரல் வந்தது. "மச்சான், என்ன தெரியுது?"

"கம்முனு கிடடா!"

"என்ன தெரியுதுன்னு சொல்லு, கம்முனு கிடக்கிறேன்."

"மூஸ்டா!"

"காதுல விழல."

"மூஸ்! மூஸ்! மூஸ்! போதுமாடா?"

மூஸ் மிச்சக் காரட்டையும் தின்று முடித்துவிட்டுத்தான் போயிற்று. ஒன்னி மரத்திலிருந்து இறங்கி, ஆர்வோ பலகைக்கடியிலிருந்து வெளியே வந்து கால்சட்டையைத் தட்டுவதற்குள் பனி கொட்ட ஆரம்பித்து, காலடி, ஒன்னியின் பூட்ஸ் எல்லாம் மூடிப்போய்விட்டது.

அன்று சாயங்காலம் மர்லீனின் கடையில் கூட்டம் நெரிந்தது. காடு முழுக்க ஊளை கேட்டிருந்தது. உடைந்த பெட்டியும் லாரியில் கிடந்தது. "ஓநாய் நம்ம தலைவரையே தாக்கிடுச்சு! இதை வெச்சே ஒரு கை பாத்துடலாம்!" என்று சங்கத்தார் குதித்தார்கள். ஆர்வோவுக்கு பீர் மேல் பீர் வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஊரே அவரை நம்பத் தயாராக இருந்தது. "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆர்வோ பீரைத் தள்ளி வைத்தார். "ஓநாய் இல்ல. ஊளையிட்டது நான். பெட்டியை உதைச்சது மூஸ்."

கடை இடிந்து விழுவது மாதிரி சிரிப்பு. மர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஒன்னி, நீயும் அங்கதான இருந்த? நீ சொல்லு" என்றாள்.

ஒன்னி கோப்பைக்குள் பார்த்தார். ஆர்வோ அவரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒற்றைக் காலில் பூட்ஸோடு ஒன்னி மெல்ல எழுந்து நின்றார்.

"மூஸ்தான்."

"உங்கம்மாவா இருக்கும் ஒன்னி!" யாரோ கத்தினார்கள். "பழுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு!"

ஒன்னியின் முகம் சிவந்தது. தன்னுடைய சரக்கையே தனக்கு விற்கிறார்கள் என்பது அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"எங்கம்மா போய்ச் சேந்து ஒம்பது வருஷம் ஆச்சுடா. அது மூஸ். அன்னிக்கும் மூஸாத்தான் இருந்திருக்கும்." சொல்லிவிட்டுத் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு, சிரிக்கிற அத்தனை பேரையும் தாண்டி வந்து, ஆர்வோ பக்கத்தில் உட்கார்ந்தார். ஊர் சிரித்துக்கொண்டே இருந்தது. சிரிக்கட்டுமே! இப்போது சிரிப்பைப் பங்குபோட ஆள் இருந்தது.

தலைவர் பதவி அன்றே போயிற்று. வீட்டுக்கு வந்து சில்வியிடம் செல்போன் படத்தைக் காட்டினார். "இது நம்ம சோபா" என்று சொல்லிவிட்டு அவள் விளக்கை அணைத்துப் படுத்துவிட்டாள்.

காலையில் ஆர்வோ வெளியே வந்தபோது, லாரியில் சில்வி எதையோ இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். காரட் மூட்டை. அதன் பக்கத்தில் இன்னொன்று.

"ரெண்டு எதுக்குடி?" என்றார்.

"ஏங்க, அவ்ளோ பெரிய உடம்புக்கு ஒரு மூட்டை எப்படிங்க பத்தும்?" என்றாள் சில்வி.