நாடகத்துக்கு ஊதிய சங்கு

ராபர்ட்சன்பேட்டை பழைய சாமான் கடையில் மரக்கதவு வைத்த டி.வி. ஒன்று கிடந்தது. எங்கள் சுரங்கத் தொழிலாளர் கிளப்பில் இருந்ததும் அந்த மாதிரிதான்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, சுரங்க விபத்தைப் பற்றி டி.வி. நாடகம் எடுக்க எங்கள் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துக்கு வந்தார்கள். நாடகத்துக்காகச் சுரங்கத்து மின்சார சங்கை ஊதினார்கள். ஷிஃப்ட் விடாத நேரத்தில் சங்கு ஊதினால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான், கீழே யாரோ செத்திருக்கிறார்கள். அப்பா அப்போது கீழே இருந்தார். அம்மா களி கிண்டிய கையோடு, செருப்பில்லாமல், ஆட்கள் கீழே இறங்கும் ஷாஃப்டுக்கு ஓடினாள். அதையும் படம் பிடித்துக்கொண்டார்கள். நாடகம்தான் என்று சொல்லியும் நம்பாமல், அப்பா மேலே வரும்வரை அங்கேயே நின்றாள்.

நாடகம் வந்த அன்று கிளப்பில் தரையெல்லாம் ஆட்கள். புள்ளி புள்ளியாய் ஆடிய படத்தில் அம்மா ஓடிவந்தாள். "யக்கா, இன்னாமா நடிக்கிற!" என்று பக்கத்து வீட்டுக்காரி கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார்.

"இப்டியா ஓடியாந்த?"

"பின்ன, நடந்தா வருவாங்க?" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு ஷிஃப்ட் முடிந்து வரும்போதெல்லாம், தெருமுனையிலேயே அப்பா "வந்துட்டேன்" என்று குரல் கொடுப்பார். "கேட்டுச்சு, ஊரக் கூட்டாதய்யா" என்பாள் அம்மா. சுரங்கம் மூடும்வரை இது நடந்தது.

இப்போது இருவரும் இல்லை. பெங்களூரில் வேலை முடிந்து, ரயிலில் திரும்பி, பூட்டைத் திறக்கும்போது நானும் "வந்துட்டேன்" என்கிறேன். ஊரைக் கூட்டுகிற அளவுக்குச் சொல்வதில்லை.