சனிக்கிழமை நான் வரிசைப்படுத்திய பட்டியல்

1. ஷீட் வந்த நாள்

ஷீட்டை அறிமுகப்படுத்திய அன்று பதினேழு கிராம சுகாதார செவிலியர்கள் மீட்டிங் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். புரொஜெக்டரை நான்தான் கொண்டுபோயிருந்தேன். சுவரில் வெளிச்சம் விழுந்ததும் பின் வரிசையில் ஒருவர், “இன்னா சார், படமா? இடைவேளை எப்ப?” என்று கேட்டார். ஹால் முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலையும் சேர்ந்த ஒரு வட்டாரத்தில் பதினோரு ஆண்டுகள் புள்ளிவிவரப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. எந்த வட்டாரம் என்று எழுதப் போவதில்லை. இப்போது அங்கே வேலை செய்பவர்களுக்கு இதில் சம்பந்தம் இல்லை. புள்ளியியலில் எம்.எஸ்சி. படித்தவன் நான். வட்டாரத்தில் அப்படிப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பது எனக்கு எப்போதும் நினைவில் இருந்தது.

அரசு இணையதளத்தில் பதிவேற்றுவது தனி வேலை. இது நானாகச் செய்து பார்த்தது. இணையத்தில் ஒரு ஷீட். லிங்க் இருக்கும் எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்து எழுதலாம். கர்ப்பிணிகளின் பெயர், கணவர் பெயர், ஊர், பிரசவத் தேதி, இரத்த அளவு, எல்லாம் அதில் இருக்கும். அதோடு போனில் ஒரு குரூப். திங்கட்கிழமை காலையில் ஷீட்டிலிருந்து ஒரு பட்டியல் எடுத்து குரூப்பில் போடுவேன். மலைக் கிராமங்களில் பல இடங்களுக்கு ஜீப்தான் போகும், மழை பெய்தால் அதுவும் போகாது. அதனால் தேதிக்குப் பத்து நாள் முன்பே கர்ப்பிணியைக் கூட்டி வந்து மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் தங்கவைப்பது வழக்கம். யாரைக் கூட்டி வர வேண்டும், எந்த ஊருக்கு வண்டி போக வேண்டும் என்பதை இனி அந்தப் பட்டியல் சொல்லும்.

மலையில் வேலை பார்த்த தனலட்சுமி கை தூக்கினார். இருபத்திரண்டு வருட சர்வீஸ் உள்ளவர்.

“சார், நோட்டுலயும் எழுதிக்கினு இதுலயும் எழுதலாமா?”

“வேணாம்மா. ரெண்டு எடத்துல எழுதினா ரெண்டும் தப்பாவும். பழைய பதிவேட்ட எல்லாம் இந்த மாசத்தோட ஆபீஸ்ல ஒப்படைச்சிடுங்க.”

“நோட்டு இருந்தா ஒரு தைரியம் சார்.”

“தைரியத்துக்கு சாமி கும்புடுங்க. தேதிக்கு ஷீட்டப் பாருங்க” என்றேன். மறுபடி சிரித்தார்கள். இம்முறை தனலட்சுமியைப் பார்த்து.

பதிவேடுகளை வாங்கிக் கட்டி ரெக்கார்டு ரூமில் போட்டேன். மூன்று மாதத்தில் ஷீட் நன்றாகவே ஓடியது. மாவட்டக் கூட்டத்தில் அதை மாதிரியாகக் காட்டச் சொன்னார்கள். அந்தக் கூட்டம் ஒரு திங்கட்கிழமை என்று முடிவானது.

2. மூன்று கலம்

கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை பிற்பகல். மாவட்டத்திலிருந்து போன் வந்தது. பெயர்கள் அகர வரிசையில் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்றார்கள். காட்டுவதற்கு எடுத்தது தனலட்சுமியின் துணை சுகாதார மையத்தின் பட்டியல், முப்பத்தொரு பெயர். என் லேப்டாப் திரை சின்னது. ஷீட்டில் இடது பக்கம் இருந்த மூன்று நெடுக்குக் கலங்கள்தான் திரையில் தெரிந்தன: பெயர், கணவர் பெயர், ஊர். அந்த மூன்றையும் மேலிருந்து கீழே இழுத்துத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினேன். பெயர்கள் அழகாக வரிசையில் நின்றன. சேமிக்க வேண்டியதில்லை, அதுவே சேமித்துக்கொள்ளும்.

நான் செய்தது என்ன என்று ஷீட் பழகியவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். பெயரும் ஊரும் இடம் மாறின. வலது பக்கம் இருந்த பிரசவத் தேதிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. முப்பத்தொரு பெண்களில் பெரும்பாலோருக்கு வேறொருத்தியின் தேதி வந்துவிட்டது. திரையை ஒரு முறை வலப்புறம் நகர்த்திப் பார்த்திருந்தால் போதும். முழுப் பட்டியலையும் பிரிண்ட் எடுத்து, பைலில் வைத்து, வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை கூட்டத்தில் கைதட்டினார்கள்.

அதே திங்கட்கிழமை, வாரப் பட்டியலின்படி ஜீப் போய் இரண்டு பெண்களைக் கூட்டி வந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டார். “இந்தப் பொண்ணுங்களுக்கு இன்னும் ஒன்றரை மாசம் கெடக்கு. இன்னாத்துக்கு இப்பவே கூட்டிக்கினு வந்தாங்க?” நான், “சிஸ்டருங்க கணக்குல வீக் சார், சொல்லி வைக்கறேன்” என்றேன். ஷீட்டைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

3. செவ்வாய்க்கிழமை போன்

மறுநாள் பதினோரு மணிக்குத் தனலட்சுமி கூப்பிட்டார். மலையில் ஏதோ மேட்டில் நின்று பேசினார், காற்று இரைந்தது.

“சார், லிஸ்ட்டுல சத்யா பேர் காணோமே.”

“எந்த சத்யா?”

“அண்ணாமலை சம்சாரம் சார். தலப்பிரசவம். இந்த வாரம் எறக்கணும். பத்தொம்போது தேதின்னு எனக்கு ஞாபகம்.”

ஷீட்டில் தேடினேன். “அடுத்த மாசம் இருபத்தி மூணுன்னு இருக்கேம்மா.”

“இல்ல சார், வயிறப் பாத்தாலே தெரியுது. வண்டி ஒரு நடை அனுப்புங்க சார்.”

“உங்க ஞாபகத்துக்கெல்லாம் வண்டி அனுப்ப முடியாதும்மா. இப்பத்தான் ரெண்டு பேரத் தேவையில்லாம எறக்கி, டாக்டர் என்னைக் கேக்கறாரு.”

“நான்தான் தப்பா நெனச்சிக்கினு இருக்கேனோ என்னவோ. முப்பத்தோரு பேரு தேதி. சரிங்க சார்” என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மலையில் நல்ல மழை. சத்யாவுக்கு வலி வந்து, ஜீப் ஓடையைத் தாண்ட முடியாமல் நின்று, கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். செய்தி கேட்டுத் தனலட்சுமி எதிரே நடந்துபோயிருக்கிறார். ரோட்டுக்கு வருவதற்கு முன் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. மூச்சு விடவில்லை. சத்யா பிழைத்தார்.

4. என் பெயர்

அடுத்த நாள் காலையில் ஷீட்டைத் திறந்தபோதுதான் முழுவதும் கண்ணில் பட்டது. மூன்றாம் மாதம் என்று வரிசைப்படுத்தும் முன் நானே படித்திருந்த ஒரு பெண்ணுக்கு இந்த மாதக் கடைசியில் பிரசவம் என்று இருந்தது. அந்த ஷீட்டில் ஒரு வசதி உண்டு. எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் என்ன மாற்றினார்கள் என்பதை அது வைத்திருக்கும். மாற்றியவர் பெயர் தனி நிறத்தில் வரும். நர்சுகளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன், அதை மட்டும் சொல்லித்தரவில்லை. தேவைப்படாது என்று நினைத்தேன். திறந்தேன். சனிக்கிழமை, மூன்று நாற்பது. பச்சை நிறத்தில் என் பெயர்.

சனிக்கிழமைக்கு முந்தைய நிலைக்கு ஷீட்டைத் திருப்பினேன். மற்றப் பெண்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று செய்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. உடனே எழுந்து டாக்டர் அறைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. டீ குடிக்கப் போனேன்.

வியாழக்கிழமை விசாரணைக்கு மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தன்மையான பெண்மணிதான். தனலட்சுமியையும் என்னையும் எதிரே உட்கார வைத்தார். மேஜை மேல் மூன்று பொருள்களை வைத்தார்: சத்யா வீட்டில் இருந்த அவருடைய கர்ப்பகால அட்டை, கூட்டத்துக்கு நான் கொடுத்த பிரிண்ட், திறந்த ஷீட்டோடு ஒரு டேப்லெட்.

“கார்டுல பத்தொன்பதாம் தேதின்னு உங்க கையெழுத்து இருக்கு சிஸ்டர். போன வாரம் பிரிண்ட்ல அடுத்த மாசம் இருபத்தி மூணு. இன்னைக்கு ஷீட்டத் திறந்தா மறுபடி பத்தொன்பது. குழந்தை செத்ததுக்கு அப்புறம் யாரு மாத்துனது?”

“நான் மாத்தல மேடம்.”

“லிங்க் உங்ககிட்ட இருக்கு இல்ல?”

“எல்லார்கிட்டயும் இருக்கு மேடம்.”

“மத்தவங்க எதுக்கு உங்க ஏரியா கர்ப்பிணியோட தேதிய மாத்தணும்?”

தனலட்சுமி என் பக்கம் திரும்பினார். “லிஸ்ட்டுல பேர் இல்லன்னு செவ்வாக்கெழம சாருக்கு போன் பண்ணேன் மேடம். வண்டி கேட்டேன்.”

“பண்ணாங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

“தெனம் இருபது முப்பது போன் வருது மேடம். ஞாபகம் இல்லீங்க.”

அதிகாரி டேப்லெட்டை என் பக்கம் நகர்த்தினார். “யாரு மாத்துனதுன்னு இதுல கண்டுபிடிக்க முடியுமா? நீங்கதான இத செட் பண்ணீங்க?”

இரண்டு முறை தொட்டால் போதும். பச்சை நிறத்தில் என் பெயர் வந்திருக்கும்.

“கஷ்டம் மேடம்” என்றேன்.

பிரிண்ட்டில் இருந்த மற்ற முப்பது பெயர்களையும் யாராவது ஷீட்டோடு ஒப்பிட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் வெளியே வந்திருக்கும். யாரும் ஒப்பிடவில்லை. நோட்டு கையில் இருந்திருந்தால் தனலட்சுமி அதை எடுத்துக் காட்டியிருப்பார். அதை வாங்கி ரெக்கார்டு ரூமில் போட்டது நான், அங்கே போய்ப் பார்க்கவும் யாரும் சொல்லவில்லை.

தேதியைத் தவறாகப் பதிந்ததாகவும், இறப்புக்குப் பின் பதிவைத் திருத்தியதாகவும் அவருக்கு சார்ஜ் மெமோ வந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் இருந்த அவர் பெயர் போயிற்று. மலையை விட்டுக் கீழே களமருதூர் பக்கத்துக்கு மாற்றினார்கள். அட்மின் என்ற முறையில் அவரை குரூப்பிலிருந்து நீக்கினேன். நீக்கியதை குரூப் எல்லாருக்கும் காட்டியது. ஒருவரும் எதுவும் எழுதவில்லை. அந்த வருடம் சுதந்திர தின விழாவில், புதிய முறையை அறிமுகப்படுத்தியதற்காக எனக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

5. ஓய்வுக்குப் பிறகு

ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்துத்தான் சங்கராபுரத்தில் தனலட்சுமி வீட்டுக்குப் போனேன். அவரும் ஓய்வு பெற்றிருந்தார். மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“ஷீட்ட வுடுங்க சார். அது எனக்கு அன்னிக்கும் புரியல, இன்னிக்கும் புரியல. போன் வந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொல்லியிருக்கணும்மா.”

“நான் தப்பு பண்ணலன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே சொல்ல பஸ் ஏறி வந்தீங்களா? எங்க வூட்டுக்காரரு கூட சாவற வரைக்கும், நீ ஏதோ அசந்து எழுதிட்டேன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு.” கடைசிப் புடவையை மடித்து வைத்தார். “சத்யாகிட்ட போய்ச் சொல்லுங்க. அவளுக்குத்தான் தெரியாது.”

நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கிய கிளார்க் படித்துவிட்டு, “பைல் மூடியாச்சு சார். இதத் தொறந்தா உங்க பென்ஷனுக்குத்தான் ரிஸ்க்கு. யோசிச்சிக்கங்க” என்றார். யோசித்தாயிற்று என்றேன். இதுவரை பதில் வரவில்லை.

பிறகு மலைக்குப் போகும் கரியாலூர் பஸ்ஸில் ஏறி, இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தேன். வேலையில் இருந்த பதினோரு வருடத்தில் அந்த ஊருக்கு நான் போனதில்லை. சத்யாவும் அண்ணாமலையும் வீட்டு முன்னால் மரவள்ளிக் கிழங்கை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க யாருன்னு தெரியலீங்களே” என்றார் அண்ணாமலை.

சொன்னேன். இந்தத் தடவை ஷீட், கலம் என்று எதையும் சொல்லவில்லை. “உங்க தேதிய மாத்தினது நான். நர்சம்மா சரியாத்தான் எழுதியிருந்தாங்க. வண்டி கேட்டு எனக்கு போனும் பண்ணாங்க. நான் அனுப்பல. அப்புறம் போனே வரலன்ற மாதிரி பேசிட்டேன்” என்றேன்.

அண்ணாமலை எழுந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். வீட்டின் பின்பக்கம் போய்விட்டார்.

சத்யா மூட்டை வாயைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். “நர்சம்மா மாத்தலாயிப் போறப்ப எங்க வூட்டுக்கு வந்தாங்க சார்” என்றார். “நடந்தே வந்தாங்க. குடிக்கத் தண்ணி கேட்டாங்க. நான் குடுக்கல. உன் கையால என் புள்ளய வாரிக் குடுத்தேன்னு சொல்லி கதவச் சாத்திட்டேன். ரொம்ப நேரம் வெளியவே நின்னாங்க.”

நர்சம்மா ஓய்வு பெற்று சங்கராபுரத்தில் இருப்பதாகச் சொன்னேன்.

“அவங்க நம்பர் இருக்குதா?”

எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். “நாலு மணிக்கு பஸ்ஸு. கெளம்புங்க” என்றார்.

புதிய கருவிகளோடு வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். பட்டியல் உங்கள் மேஜையில் இருக்கிறது. அதில் இருக்கும் ஆட்களின் வீட்டுக்கு நடந்துபோகிறவர் வேறு ஒருவர். பட்டியல் தவறு என்று அவர் போன் செய்தால், முதலில் வண்டியை அனுப்புங்கள், பட்டியலைப் பிறகு பாருங்கள். தவறு உங்களுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும்போது பிசகு வரும் என்று மேலதிகாரிகளுக்கும் தெரியும். பச்சை நிறத்தில் என் பெயரைப் பார்த்த அந்தத் திங்கட்கிழமை காலை டாக்டர் அறைக்குப் போயிருந்தால் எனக்கு ஒரு மெமோ வந்திருக்கும். அதற்கு நான் ஒரு விளக்கம் எழுதியிருப்பேன். அவ்வளவுதான். அந்த ஒரு மெமோவுக்குப் பயந்துதான் இத்தனையும் செய்தேன்.