பாவுக்கு அந்தப் பக்கம் அருவி

ஆரணியில் என் மொபெட் நிற்கிறது. வண்டியில் பழுதில்லை. தெருவை மறித்து, நெசவுக்கான பட்டு இழைப் பாவு ஒன்றை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினால்தான் போளூர் சாலை. வெயில் ஏறுவதற்குள் ஜவ்வாது மலை அருவியில் நான் தலையை நனைத்தாக வேண்டும்.

"கொஞ்சம் தூக்கிப் பிடிங்களேன், குனிஞ்சு போயிடறேன்."

கஞ்சிக் குண்டானோடு நிற்கும் அக்கா என் பின்சீட்டு மூட்டையைப் பார்க்கிறார். "ஒண்டியாவா வந்துகினு இருக்கீங்க? எங்க?"

"அருவியில குளிக்க."

"ஏன், உங்க ஊர்ல தண்ணி வரலையா?" தெருவே சிரிக்கிறது. "ஈரப் பாவுங்க, இழை அறுந்தா பேஜாரு. காயட்டும், உக்காருங்க."

உட்கார்கிறேன். பாவு காய்வதாகத் தெரியவில்லை, நான்தான் காய்கிறேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: "உண்மையச் சொல்லிடறேன்க்கா. வீட்டுக்காரரோட சண்டை. போளூர்ல அம்மா வீடு."

அவ்வளவுதான். தெருவிலுள்ள கைகளெல்லாம் சேர்ந்து மூங்கில் கோல்களோடு பாவைத் தூக்குகின்றன. குனிந்து வண்டியைத் தள்ளுகிறேன். கழுத்தில் ஒரு சொட்டுக் கஞ்சி விழுகிறது.

"ஜல்தியா போம்மா!" பின்னாலிருந்து அக்கா கத்துகிறார். "அந்தாளு தேடிகினு வரட்டும், பாவைத் தூக்கவே மாட்டோம்!"