கவரைக் கழற்றினால் போதுமாம்

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஆபீசில் எனக்கு 'போன் டாக்டர்' என்று பெயர். இன்று மத்தியானத்தோடு அந்தப் பெயர் போனது.

ஆபீசைச் சுத்தம் செய்யும் சரசு அக்கா தன் பழைய போனைக் கொண்டுவந்தார். ஆன் செய்தால் கம்பெனி சின்னம் வருகிறது, அதோடு அப்படியே நின்றுவிடுகிறது.

"தம்பி, இந்தக் கவரு மாத்துனதுலேருந்துதான்..."

"நான் பாத்துக்கறேன் லா அக்கா."

மறுபடி ஆரம்பித்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

கவரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து ரீசெட் செய்தேன். போன் ஜோராக ஆன் ஆனது. பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள்.

கவரை மாட்டினேன். மறுபடியும் சின்னத்திலேயே நின்றது. கழற்றினேன், ஓடியது. கவர் இறுக்கமாக இருந்து பட்டனை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. கோளாறு அவ்வளவுதான்.

"தம்பி, மகளோட கொன்வோ போட்டோ எங்க? இதுல மட்டும்தான் இருந்துச்சு."

மகள் பட்டம் வாங்கிய அந்தப் படங்களைப் போன மாதம் எனக்கும் காட்டினார். தலையை நிமிர்த்தாமலே "சூப்பர் லா அக்கா" என்றவன் நான். மகள் என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள் என்றுகூடத் தெரியாது.

"பரவால்லப்பா, போன் ஓடுதுல்ல" என்றார் அக்கா. தேங்க்ஸ் வேறு சொல்லிவிட்டு, கிள்ளான் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்.

அழிந்த படங்களை மீட்கத் தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள். இந்த முறை கடைசி வரை கேட்கிறேன்.