ஞாயிற்றுக்கிழமை ஈரல்

பஞ்சவர்ணத்தின் கழுத்தைப் பார்த்த டாக்டரம்மா ஆபரேஷனைப் பற்றி முதலில் பேசவில்லை. என்ன சாப்பிடுகிறாய் என்றுதான் கேட்டார். 1988, பொங்கல் கழிந்த வாரம்.

பஞ்சவர்ணம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் பொட்டலம் கட்டுகிறவள். மேனாம்பேட்டில் தாய் அங்கம்மாளோடு ஒற்றை அறையில் குடியிருந்தாள். நான்கு வருடத்துக்கு முன் நெருப்பில் வெந்ததில் தாடை கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. கீழுதடு மூடாது. சோறு வழியும் என்பதால் யார் எதிரிலும் சாப்பிட மாட்டாள். தனியாக இருக்கும்போதும் அரை வயிறுதான்.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கழுத்தில் வைத்தால் தலை நிமிரும், முகமும் திருந்தும் என்றார் டாக்டரம்மா. ஆனால் ரத்தம் ஏழு பாயிண்ட்தான் இருந்தது. இந்த உடம்பில் வைத்த தோல் பிடிக்காது, எடுத்த இடத்துப் புண்ணும் ஆறாது. இரண்டு மாதம் தினமும் முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை, முடிந்தபோது மீனும் ஈரலும் சாப்பிட்டுப் பத்துக்கு ஏற்றிக்கொண்டு வா, தேதி தருகிறேன் என்றார். புருஷன் கையெழுத்து வேண்டும் என்று வெளியே சீட்டு எழுதுகிறவர் சொன்னார்.

புருஷன் நாகேந்திரன் ஆவடியில் வேறொருத்தியோடு இருந்தான். மகளுக்குத் தெரியாமல் அங்கம்மாள் ஆள் சொல்லி அனுப்பினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு தூக்கில் ஆட்டு ஈரல் வறுவலோடு வந்து நின்றான். மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அங்கம்மாள் கண் கலங்கினாள். அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ஆஸ்பத்திரில, எப்டி வெந்துச்சின்னு கேட்டாங்களா?"

"இன்னும் கேக்கல."

"கேட்டா ஸ்டவ்வு வெடிச்சிதுன்னு தான சொல்லுவ?"

ஸ்டவ் வெடிக்கவில்லை என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். வெந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்து கேட்டபோது அவன் அவள் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளும் வெடித்தது என்றே சொல்லியிருந்தாள்.

அந்த ஈரலை அவள் தொடவில்லை. அப்புறம் சாப்பிடுகிறேன் என்று வாங்கி வைத்து, அவன் போனதும் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தாள். அதில் ஏதாவது கலந்திருந்ததா என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்காக ஒரு நாய்க்குப் போட்டுப் பார்க்க மனம் வரவில்லை.

ஆனால் தன் கையால் சமைத்ததை விடாமல் சாப்பிட்டாள். அவித்த முட்டையைக் குழைத்து, வேர்க்கடலையை இடித்து, கீரையை மசித்து எடுத்துப்போவாள். கம்பெனி ஸ்டோர் ரூமில் அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை கூட வேலை செய்த முனியம்மா வாசலில் நின்று யாரையும் உள்ளே விடமாட்டாள். பஞ்சவர்ணம் வழிந்ததைத் துடைத்துத் துடைத்து முக்கால் மணி நேரம் மெல்லுவாள். ஒரு மாதத்தில் கன்னம் பூசினாற்போல் ஆனது.

நாகேந்திரன் ஞாயிறு தவறாமல் ஈரலோடு வந்தான். தாய்க்குத் தெரியாமல் அதெல்லாம் கொல்லைக் குழிக்கே போனது. நான்காம் வாரம் அவளை உற்றுப் பார்த்து, தேறிவிட்டாயே என்றான். அதில் சந்தோஷம் இல்லை. ஆறாம் வாரம் மூடியைத் திறந்து தூக்கை அவள் முன்னால் நகர்த்தினான்.

"என் கண்ணெதிர துண்ணு."

ஆசையாகக் கொண்டு வந்திருக்கிறானே, ஒரு வாய் சாப்பிடேன் என்று அங்கம்மாளும் சொன்னாள். பஞ்சவர்ணம் ஒரு துண்டை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"நீ மொதல்ல துண்ணு."

அவன் சிரித்தான். கை நீட்டவில்லை. பிறகு தூக்கை மூடினான். கையெழுத்தும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நிதானமாக நடந்து போனான்.

அங்கம்மாள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ஸ்டவ்வு வெடிக்கலியா?"

"இல்லம்மா."

மறுநாளிலிருந்து முட்டையை அங்கம்மாளே அவித்தாள். அடுப்படியை விட்டு நகரவில்லை.

பங்குனியில் ரத்தம் பத்தைத் தாண்டியது. டாக்டரம்மாவிடம் பஞ்சவர்ணம் நடந்ததைச் சொன்னாள். அவர் அதை எழுதிப் போலீஸுக்கு அனுப்பிவிட்டு, அங்கம்மாளின் கைநாட்டே போதும் என்று தேதி கொடுத்தார். வைத்த தோல் ஓர் எட்டணா அளவு இடம் தவிர எங்கும் பிடித்தது. அந்த இடமும் மூன்று வாரத்தில் ஆறியது. இத்தனை சீக்கிரம் ஆறும் என்று எதிர்பார்க்கவில்லை, தின்ற சாப்பாடு வீண்போகவில்லை என்றார் டாக்டரம்மா.

போலீஸ் ஆவடிக்குப் போனபோது நாகேந்திரன் துணிமணியோடு வீட்டை விட்டுப் போயிருந்தான். எங்கே போனான் என்று அவனோடு இருந்த பெண்ணுக்கும் தெரியவில்லை. தாயும் மகளும் முகப்பேருக்குக் குடிமாறினார்கள். யாருக்கும் விலாசம் கொடுக்கவில்லை. பஞ்சவர்ணம் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் வீடு வரை பத்து நிமிட நடை. அதற்குள் நான்கைந்து முறையாவது திரும்பிப் பார்ப்பாள். இப்போது கழுத்து இரண்டு பக்கமும் நன்றாகத் திரும்பியது.